மூன்று தரம் கேட்கிறவர்

ஓக்லாந்து நகரத்தில், ஏவன்டேல் பகுதியில் குடியிருந்த காலத்தில் எனக்கு ஒரு வெள்ளைக்காரி வாய்த்தார். சிலருக்கு மாமியார் வாய்ப்பது போலத்தான். நான் தேடிப் போகவில்லை, அவரும் தேடி வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார், அவ்வளவுதான். அந்த வேலியும் அரைவாசி சாய்ந்த வேலி.

பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கமெராவோடு வந்து, நீங்கள் செய்கிற சேவையைப் பற்றி நாலு வரி எழுதலாமா என்று கேட்டார். "மன்னிக்கவேண்டும், நான் புல் வெட்டவேண்டும்" என்று சொல்லிவிட்டு இவர் பின்பக்கம் போய் மெஷினை இழுத்து எடுத்தார். அப்போது நல்ல மழை. அந்தப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இவர் உண்மையாகவே அந்த மழையில் பாதிப் புல்லை வெட்டி முடித்தார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கோடையிலும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. கணவர் போய்ப் பல வருடம், பிள்ளை இல்லை, எங்கள் சமையல் மணத்துக்கு வேலி பாய்ந்து வரும் ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. பக்கத்து நியூ லின்னில் திரைச்சீலைத் துணி விற்கும் கடை ஒன்றில் துணி வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. பேச்சும் அப்படித்தான். கத்தரிக்கோலை வைத்தால் நேரே மறுகரைக்குப் போய்விடுவார், இடையில் வளைவு நெளிவு கிடையாது. புதன்கிழமை அவருக்கு லீவு. வாடகை வீட்டு விளம்பரம் பத்திரிகையில் வருவதும் புதன்கிழமைதான். இந்த இரண்டும் ஒரே நாளில் விழுந்ததால் ஓக்லாந்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கூரைக்குக் கீழ் வந்தன.

எங்கள் ஆட்கள் அவருக்கு "மூண்டு தரம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "இண்டைக்கு மூண்டு தரம் வந்தவவோ?" என்று ஃபோனில் கேட்பார்கள். மனுரேவாவில் இருந்த மலேசிய டீச்சர் ஒருவருக்கு நான்தான் அவரை அறிமுகப்படுத்தினேன். அடுத்த நாள் டீச்சர் எனக்கு எடுத்துச் சொன்னார்:

"என்னங்க இது, வீடு பாக்கக் கூட வரட்டுமான்னு மூணு தடவை கேக்குறாங்க. முதல் தடவையே ஆமா, வாங்கன்னு சொல்லிட்டேன். அப்பவும் விடலை. நிஜமாவா, நிஜமாவான்னு இன்னும் ரெண்டு தடவை. காது கேக்காதோ அவங்களுக்கு?"

"காது கேக்கும், டீச்சர். அது என்ரை பிழை" என்றேன்.

அந்தப் பிழையைச் சொல்வதற்கு முதல், அவர் எப்படித் தொடங்கினார் என்று சொல்லவேண்டும். நன்றாகத் தொடங்கவில்லை. மிக மோசமாகத் தொடங்கினார் என்பதுதான் சரி.

நாங்கள் இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஆறு கிழமைக்குள் எழும்பவேண்டும் என்று கடிதம் வந்தது. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும். இந்த ஊரில் எங்களுக்கு உறவென்று சொல்ல ஒரு வீடு இல்லை, போய் இரண்டு நாள் படுக்க ஒரு வரவேற்பறை இல்லை. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். பத்திரிகையை மேசையில் விரித்துவைத்து, வட்டம் போட்ட நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்தேன். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். என் ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாது, தொனியில்தான் கண்டுபிடிப்பார்கள். "வணக்கம், வீடு விசயமாக" என்று தொடங்கி முடிப்பதற்குள் "சொரி, போய்விட்டது" என்ற பதில் வரும். அன்று காலை ஏழு வீடு போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் அவர் ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழத்தோடு பின்கதவில் வந்து நின்றார். அந்த மாதத்தில் ஓக்லாந்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஃபீஜோவா கொடுப்பார்கள், மரம் அப்படிக் கொட்டும். ஏழாவது "போய்விட்டது" அவர் காதில் விழுந்தது. பையைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த ஃபோனை வாங்கினார். அதே நம்பரைச் சுழற்றினார்.

"நாலு மணிக்கு வந்து பார்க்கச் சொல்கிறார்கள்" என்றார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

எனக்கு அது புதினம் இல்லை, பழகின சங்கதி. எனக்குப் புதினமாக இருந்தது அவருக்கு அது புதினமாக இருந்ததுதான். நான் அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவர் மறுபடி அந்த நம்பரை அடித்து, வெட்கம் இல்லையா, மனச்சாட்சி இல்லையா, இது எந்தக் காலம் என்று கத்தத் தொடங்கிவிட்டார். கத்தினது மட்டும் என்றால் பரவாயில்லை. "யாருக்காகப் பேசுகிறேன் என்று தெரியவேண்டுமா?" என்று கேட்டு எங்கள் முழுப் பெயரையும் முகவரியையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

அந்த நம்பர் ஒரு வீட்டுக்காரருடையது அல்ல, ஒரு வாடகை ஏஜென்டுடையது. அவர்கள் கையில் அந்தப் பக்கத்தில் இருபது முப்பது வீடு. அதற்குப் பிறகு எங்கள் பெயரைச் சொன்னாலே அங்கே "ஓ" என்றார்கள். அவர் ஐந்து நிமிடம் ஆத்திரத்தை இறக்கினார், எங்களுக்கு முப்பது கதவு அடைபட்டது.

இது தெரிய வந்ததும் அவர் என் குசினிக் கதிரையில் இருந்து அழுதார். சின்ன அழுகை இல்லை. நான் அடுப்பை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். முதுகைத் தடவினேன். "பரவாயில்லை, நீங்கள் நல்ல மனதோடுதானே செய்தீர்கள்" என்றேன். அவர் இன்னும் கூட அழுதார். தன் ஆட்கள் இப்படியா, தன் நாடு இப்படியா என்றார். கணவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குள் மறைந்தார்.

"இஞ்சரும்" என்று அங்கிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "வீடு போனது எங்களுக்கோ அவவுக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கோபமும் வந்தது. வீடில்லாத நான், வீடுள்ள ஒருவரை ஒரு மணி நேரமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். போய் அவர் முன்னால் இருந்தேன்.

"ஒரு விசயம் சொல்லட்டுமா? நீங்கள் அழுதால் நான் தேத்தண்ணீர் போடவேண்டும். எனக்குச் சமையல் கிடக்கிறது, பிள்ளைகளைக் கூப்பிடப் போகவேண்டும், மிச்ச நம்பர்களுக்கும் எடுக்கவேண்டும். உங்களுக்கு அழ வேண்டும் என்றால் வீட்டில் போய் அழுதுவிட்டு வாருங்கள்."

இன்னொரு ஆள் என்றால் அதோடு உறவு முறிந்திருக்கும். இவர் என்னைப் பார்த்தார், மூக்கைத் துடைத்தார், "அதுவும் சரிதான்" என்றார். எழும்பிப் போய்விட்டார். அரை மணித்தியாலத்தில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அழுது முடிந்தது. இனி என்ன செய்யட்டும்?"

"ஒன்றும் செய்யவேண்டாம். முதலில் கேளுங்கள். கேட்காமல் ஒன்றும் செய்யவேண்டாம்."

"கேட்கிறேன்" என்றார். ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் அதை எழுதியும் வைத்தார். அவருக்கு எல்லாவற்றையும் உறையின் பின்பக்கத்தில் எழுதவேண்டும். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அப்படி நாற்பது உறை ஒட்டியிருக்கும்.

போகும்போது ஒரு கதை சொன்னார். பத்துப் பதினொரு வருடத்துக்கு முதல், கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்த தூர தேசத்து ரக்பி அணி இங்கே விளையாட வந்தபோது, அவரும் அட்டை பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினவராம். பொலிஸ்காரன் தள்ளி முழங்கால் கிழிந்ததாம். அட்டை இன்னும் ஷெட்டில் புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறதாம்.

"ஒரு நாள் நடந்தேன். அந்தக் களைப்புக்குப் பத்து வருடம் இளைப்பாறிவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியது அந்தச் சிரிப்பில்தான்.

பிடித்துவிட்டது என்பதற்காக நம்பிவிட்டேன் என்று இல்லை. நல்ல மனதோடு தொடங்குகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "மூண்டு கிழமையிலை விட்டிடுவா" என்று கணவரிடம் சொன்னேன். "ரெண்டு" என்றார் அவர்.

அடுத்த புதன் காலை எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பத்திரிகையும் பேனாவும். "இன்றைக்கு நான் என்ன செய்யவேண்டும்?" அதற்கடுத்த புதனும் அப்படியே. சில நாள் நான் நம்பர் கொடுத்து, "நான் எடுத்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நீங்கள் எடுங்கள்" என்பேன். சில நாள் காரில் கொண்டுபோய் விடுவார். அது கடுகு நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார், இடது கண்ணாடியைக் கையால் பிடித்துத்தான் மேலே ஏற்றவேண்டும். சில நாள் "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்பேன். "நல்லது" என்று திரும்பிப் போய்விடுவார். இந்தத் திரும்பிப் போவதுதான் எனக்கு அதிசயம். உதவி செய்ய வருகிறவர்களுக்கு உதவி வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். இவருக்குச் சுருங்காது. வாசலில் பூனையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் தோட்டத்து வெண்டிக்கன்று குளிருக்குச் செத்துக்கொண்டிருப்பதை ஒருதரம் விசாரித்துவிட்டுப் போவார்.

அவர் குணத்தை ஒரு சம்பவத்தில் சொல் என்றால், நாங்கள் வந்து சில வருடத்துக்குப் பிறகு நடந்த பஸ் தரிப்புக் கதையைச் சொல்வேன். எங்கள் ஆட்களில் ஒரு வயதானவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவன் காரை மெதுவாக்கி, உன் நாட்டுக்குப் போ என்று கத்திவிட்டுப் போனான். இவர் தெருவின் அந்தப் பக்கம் நின்றவர், கடந்து வந்து பஸ் தரிப்பு வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. எத்தனையாம் நம்பர் பஸ் என்று கேட்டார். அதே பஸ்ஸில் ஏறி அவரோடு அவர் வீடு வரை போனார். எவரும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் அடுத்த புதன் அதே நேரத்துக்கு அதே வாங்கில் போய் இருந்தார். அந்தக் கார் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இருந்தார். நாலாவது புதன் அந்த வயதானவர் என்னிடம் வந்து, "பிள்ளை, அந்த மனிசியை வீட்டை போகச் சொல்லும். எனக்கு இப்ப துணைக்கு ஆள் இருக்குது எண்டு என்ரை மனிசி சந்தேகப்படுறா" என்றார்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

இரண்டு கிழமைக்கு மேல் போய்விட்டது, நாலு கிழமைகூட மிச்சம் இல்லை. பிளொக்ஹவுஸ் பே பக்கம் ஒரு வீடு. இரண்டு அறை, பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம். தற்செயலாக வீட்டுக்காரப் பெண்ணே ஃபோனை எடுத்தார், வந்து பார்க்கச் சொன்னார். இவர் வழக்கம்போல வந்து கேட்டார்:

"நானும் கூட வரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றேன்.

"சரி" என்றார். போய்விட்டார்.

நான் உடுப்பு மாற்றிக்கொண்டு, சப்பாத்து போட்டுக்கொண்டு, வாசலில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். பத்து நிமிடம் நின்றேன். அவர் காரை எடுக்கவில்லை. வேலியால் எட்டிப் பார்த்தால் அவர் தன் வீட்டுக்குப் பின்னால் நிம்மதியாக உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் எந்த முகத்தோடு கூப்பிடுவது? கணவர் வேலைக்குப் போயிருந்தார். பஸ் பிடித்து, பஸ் மாறி, இருபது நிமிடம் பிந்திப் போனேன். வாசலில் இன்னொரு குடும்பம் கைகுலுக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்து, "நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

திரும்பி வந்து நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஏன் வரவில்லை?"

"நீ வேண்டாம் என்றாயே."

"அது சும்மா சொல்வது."

"சும்மாவா?"

நான் அவருக்கு விளங்கப்படுத்தவேண்டி வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் ஒன்றைத் தருகிறேன் என்றால் உடனே சரி என்பது மரியாதை இல்லை. முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரமும் வேண்டாம் என்போம், ஆனால் கொஞ்சம் குரலை இறக்கி. மூன்றாம் தரம் கேட்டால் அவர் உண்மையாகக் கேட்கிறார் என்று அர்த்தம், அப்போது ஓம் என்போம். நீங்கள் முதல் தரத்தோடு போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது?

அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீதான் கேட்டுச் செய் என்றாய். கேட்டேன். வேண்டாம் என்றாய். நீ சொன்னதை மதிக்கவேண்டும் என்று நான் எவ்வளவு கஷ்டப்பட்டு வீட்டில் இருந்தேன் தெரியுமா? கையைக் கட்டிப்போட ஒன்றும் இல்லாமல் தோய்த்த உடுப்பையே இன்னொரு தரம் தோய்த்தேன்."

பிறகு ஏதோ யோசித்தார். "ஒரு நிமிடம். உன் வீட்டில் நான் சோறு போதும், வேண்டாம் என்றால் தட்டில் இன்னும் ஒரு கரண்டி விழுகிறதே, அதுவும் இதுதானா?"

"ஓம்."

"நான் உங்களுக்கெல்லாம் ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்தேன்."

இரண்டு பேரும் படியில் இருந்து சிரித்தோம். எனக்கு அதே நேரம் அழுகையும் வந்தது, வீடு போய்விட்டதே. அவர் அழவில்லை. உறையை எடுத்து "மூன்று தரம்" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அன்றிலிருந்து யாரைக் கண்டாலும் மூன்று தரம்தான். ஊர் வித்தியாசம், பழக்க வித்தியாசம் ஒன்றும் கிடையாது. மலேசிய டீச்சர் மட்டுமல்ல, ஒரு தமிழ்நாட்டு டொக்டர்கூடப் பொறுமை இழந்திருக்கிறார்.

அந்தப் படியில்தான் அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். அவருடைய தம்பிக்கு நாலு வாடகை வீடு இருந்தது. அதில் ஒன்று, ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது.

நான் எழும்பிவிட்டேன். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?"

"கேட்டேன். முதல் கிழமையே கேட்டேன். சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னான். நான் பேசாமல் என் சாப்பாட்டுத் தட்டில் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன்."

முன்பின் தெரியாத ஏஜென்டைப் பிடித்துக் கத்தினவர். தம்பிக்கு முன்னால் உருளைக்கிழங்கு எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நீங்கள் புதன்கிழமை புதன்கிழமை என்னிடம் வந்து என்ன பிரயோசனம்? எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத ஆள் உங்கள் தம்பி. அவரிடம் போய்க் கதையுங்கள்."

சொன்ன பிறகுதான் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்தத் தம்பியைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. சுட்ட ஆட்டிறைச்சி, புதினாச் சம்பல் மாதிரி ஒரு சோஸ், அந்த உருளைக்கிழங்கு. இவர் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ட்ரைஃபிள் செய்து கொண்டுபோவார். கேக்கும் பழமும் கஸ்டர்டும் அடுக்கடுக்காக. கிழமையில் அவர் ஒரு மேசையைச் சுற்றி இன்னொருவரோடு இருந்து சாப்பிடுவது அன்றைக்கு மட்டும்தான். நான் அதைத்தான் பணயம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். "விடுங்கோ, வேண்டாம்" என்றேன்.

"இது எத்தனையாவது வேண்டாம்?" என்று கேட்டார்.



முதல் ஞாயிறு போய்க் கேட்டார். தம்பி பகிடி விட்டாராம். வீட்டுச் சுவரெல்லாம் கறி மணக்கும் என்றாராம். "உன் வீட்டுச் சுவரில் இப்போது பூஞ்சணம் மணக்கிறது, அதற்கு இது மேல்" என்றாராம் இவர். தம்பி மனைவி அவசர அவசரமாக ட்ரைஃபிளைப் பரிமாறிவிட்டார். இரண்டாம் ஞாயிறு இவர் மறுபடி கேட்டார். இந்த முறை தம்பி சிரிக்கவில்லை. ஒரு சாப்பாட்டையாவது நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாயா, இதைப் பேசுவதென்றால் இனி வராதே என்றார்.

பேசுவதற்காகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு இவர் எழும்பி வந்துவிட்டார். ட்ரைஃபிள் கிண்ணத்தை மறக்காமல் எடுத்து வந்தார்.

அந்த முழுக் கிண்ணமும் எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் ஆறு மணிக்கே ஒரு சத்தமும் இல்லாமல் படுத்துவிட்டார்கள். அதில் அரைப் போத்தல் ஷெரி வைன் ஊற்றியிருக்கிறது என்று அவர் அடுத்த நாள்தான் சொன்னார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது அதற்கு மட்டும்தான். ஆனால் அந்த ஞாயிறு இரவு வேலிக்கு அந்தப் பக்கம் வானொலி வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அழுவதென்றால் வீட்டில் போய் அழச் சொன்னவள் நான்தானே.

கணவர் அன்று அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். "நாங்கள் ஒரு மனிசியின்ரை சகோதரத்தைப் பிரிச்சுப் போட்டம்" என்றார்.

"நாங்கள் பிரிக்கேல்லை" என்றேன். என்றாலும் மனம் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறும் அவர் போனார். வராதே என்ற வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார். சாப்பிட வரவில்லை, கேட்கத்தான் வந்தேன், அந்த வீட்டை அவர்களுக்குக் கொடுப்பாயா? தம்பி கதவைச் சாத்திவிட்டார். எங்களுக்கு அப்போது எட்டு நாள் மிச்சம். பெட்டிகளை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கள் பின்னேரம் தம்பியே அவருக்கு ஃபோன் எடுத்து, வீட்டைத் தருகிறேன் என்றார். அவர் மனம் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். மனைவி இரண்டு ஞாயிறாக அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு, உன் அக்காவை வாசலில் நிற்பாட்டியா பேசுவாய் என்று அவரைக் குடைந்து எடுத்திருக்கிறார். எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததற்கு நியாயம் வென்றது காரணமில்லை. ஒரு மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியை நிம்மதியாகச் சாப்பிட ஆசை வந்ததுதான் காரணம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இவருக்கும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் ஞாயிறு ஞாயிறாக அந்த மேசையில் மிச்ச மூன்று வீட்டையும் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நாங்கள் அந்தப் பகுதியை விட்டு ஓக்லாந்தின் வடக்கே ஆல்பனிக்குப் போகும்போது, தொண்ணூறுகளின் கடைசியில், ஒன்றில் ஒரு சமோவாக் குடும்பமும் ஒன்றில் மலேசிய டீச்சரும் இருந்தார்கள். நாலாவதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கிழமை வியாழக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். பழைய பலகை வீடு. தம்பி நல்ல பருமன், அக்காவின் அதே மூக்கு. எங்களைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தே எல்லாவற்றையும் கேட்டார்.

"இவர்கள் நிறையச் சமைப்பார்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இதோ நிற்கிறாள், கேள்" என்றார்.

"எத்தனை பேர் வந்து தங்குவார்கள்?"

"அவளைக் கேள்."

அவர் கேட்கவில்லை. நானும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போகவில்லை. கணவர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை சாவி தருவதாகச் சொன்னார். லொறியில் சாமானோடு போய் இறங்கினோம். இவரும் கடுகு நிறக் காரில் எங்கள் சட்டி பானையோடு பின்னால் வந்தார். தம்பி முற்றத்தில் நின்றார். கையில் ஒரு வளையத்தில் இரண்டு சாவி. எங்களைத் தாண்டிப் போய் அக்காவிடம் நீட்டினார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. கை தானாக அங்கேதான் போனது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாய்கிற அந்த மனிசி, ஃபோனைப் பறித்து எடுக்கிற அந்த மனிசி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையை நிமிர்த்தி, மழைநீர் ஓடும் கூரைப் பீலியைப் பார்க்கத் தொடங்கினார். அதில் இலை அடைத்திருந்தது. அதை உலகத்திலேயே முக்கியமான காரியம் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி நீட்டின கையோடு நின்றார். லொறிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"எடும்" என்றார் கணவர் மெதுவாக.

நான் கையை நீட்டினேன். தம்பி திரும்பினார். முதல் தரம் என்னை நேராகப் பார்த்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுதண்ணீர்க் குழாய் கொஞ்சம் இறுக்கம்" என்றார். "பலமாகத் திருப்பவேண்டும்."

"வந்து காட்டுங்கள்" என்றேன்.

தம்பி எனக்கு முன்னால் விறுவிறென்று படியேறினார். சப்பாத்தைத் துடைத்தார். கதவில் கையை வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல ஒரு பக்கமாக ஒதுங்கி, நான் வந்து திறக்கும் வரை வாசலில் நின்றார்.